பூஜைக்கு முன்னால் கெட்ட செய்தி

எங்கள் கம்பெனியில் செய்வது டிரிப் செட். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே குளுக்கோஸ் பாட்டில் தொங்கும். அதிலிருந்து நோயாளியின் கைக்கு ஒரு மெல்லிய டியூப் வருமே, அதுதான். நான் படித்தது பத்தாவது வரைக்கும். ஓசூர் சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மோல்டிங் மெஷின் முன்னால் நின்றவன், பிறகு சொந்தமாக ஒரு ஷெட் போட்டுக்கொண்டேன். இப்போதும் யாராவது "முதலாளி" என்று கூப்பிட்டால் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

உள்ளே நுழைந்ததும் சாமி மேடைதான். வந்தவர்கள் உட்கார நாற்காலி அப்புறம்தான் வாங்கினேன், மேடைக்கு மட்டும் முதல் நாளே மார்பிள் போட்டுவிட்டேன். கம்பெனிக்கு நான் வைத்த சட்டங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, காலையில் பூஜை முடிந்து கற்பூரம் அணைகிற வரைக்கும் யாரும் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. மெஷின் நின்றுபோனாலும் சரி, சரக்கு வரவில்லை என்றாலும் சரி, எல்லாம் விபூதி வாங்கிய பிறகுதான். இரண்டாவது, வெள்ளிக்கிழமை லாரி ராகு காலத்துக்கு முன்னால் கேட்டைத் தாண்டிவிட வேண்டும். வேலைக்கு வருகிறவர்கள் பாரூர், குந்தாரப்பள்ளிப் பக்கத்துப் பெண்கள். அவர்கள் வீட்டிலும் காலங்காத்தால் வாயில் அபசகுனம் வரக் கூடாது என்றுதான் வளர்த்திருப்பார்கள். அதனால் என் சட்டத்தை ஒருத்தரும் விசித்திரமாக நினைக்கவில்லை. ஐ.எஸ்.ஓ. சட்டங்களைச் சொல்லிக் கொடுக்கத்தான் எனக்கு நாக்குத் தள்ளியது.

ஒரு மார்கழி வெள்ளிக்கிழமை. ஓசூர்ப் பனியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எதிரில் வருகிற லாரி ஹாரனாகத்தான் வரும். அந்தக் குளிரில் டியூபையும் சொட்டு விழுகிற கிண்ணத்தையும் ஒட்டிய பசை சரியாகக் காயவில்லை. செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிற அம்மாவை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அக்கா என்போம். அவர் சிலவற்றை இழுத்துப் பார்த்திருக்கிறார், கையோடு வந்திருக்கிறது. நேராக என்னிடம் வந்தார். நான் கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். கைகட்டி நின்றார். என்ன பக்தி பார் என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் கூடுதலாகவே விபூதி கொடுத்தேன். வாங்கிப் பூசிக்கொண்டு மறுபடியும் நின்றார்.

"அண்ணா..." என்று ஆரம்பித்தார்.

"இரும்மா, வண்டி கிளம்பட்டும். ராகு காலம் வருது."

லாரி கிளம்பியது. அதற்குப் பிறகு சொன்னார். நான் சொன்ன பதில் எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது: "சாமி கும்பிட்டு அனுப்பின சரக்கு. ஒண்ணும் ஆவாது போ."

ஆனது. ஒரு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த பெரியவர் ஒருவருக்குப் போட்டிருந்த டியூப் கழன்று, ரத்தம் படுக்கையில் இறங்கியிருக்கிறது. பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட வந்த நர்ஸ் பார்த்ததால் பிழைத்தார். இன்றும் சாமி முன்னால் நின்றால் முதலில் அந்தப் பெரியவருக்கும் அந்த நர்ஸம்மாவுக்கும்தான் வேண்டிக்கொள்கிறேன். இந்த ஒன்றை மட்டும் எனக்குக் கேலியாக எழுத வராது. மீதிக் கூத்து முழுவதும் என்னுடையது, அதைத் தாராளமாகச் சிரிக்கலாம்.

அதிகாரிகள் வந்தார்கள். உற்பத்தியை நிறுத்தினார்கள். வெளியே போன சரக்கையெல்லாம் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். எந்தப் பெட்டி எங்கே போனதோ அங்கிருந்து ஒன்று விடாமல் வர வேண்டும். ஒரு வேன் பிடித்து நானும் என் வீட்டுக்காரியும் கிளம்பினோம். பேக்கிங் பிரிவு அவள் பொறுப்பு. பெட்டி அவளுக்குத்தான் அடையாளம் தெரியும். வேனில் ஏறும்போதே சொல்லிவிட்டாள்: "கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கப் போறப்ப இருந்த மூஞ்சியோட வாங்க. இந்த மூஞ்சியப் பாத்தா எவனும் கதவத் தொறக்க மாட்டான்."

காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். ஒரு பெட்டி குறைந்தது. கம்பவுண்டர் தலையைச் சொறிந்தார்.

"அது ஆஸ்பத்திரில இல்லீங்க. தோப்புல இருக்குது."

"தோப்புலயா? அங்க யாருக்கு உடம்பு சரியில்ல?"

"மாங்கன்னுக்குங்க."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வரிசையாக மாங்கன்று. ஒவ்வொரு கன்றுக்கும் குச்சி நட்டு, அதில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மாட்டி, எங்கள் டிரிப் செட்டால் சொட்டு நீர். ஐ.சி.யூ. தோற்றது.

"திருகுனா சொட்டுது, திருகுனா நிக்குது. சும்மா சொல்லக் கூடாது, நீங்க செஞ்ச சாமான் நல்ல சாமானுங்க!" என்றார் கம்பவுண்டர். அந்த வருடம் முழுக்க எங்கள் சரக்குக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

"கழண்டு வரலீங்களா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. கயித்தால கட்டிட்டேன்."

என் வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கங்க. இத்தினி வருசமா கம்பெனி நடத்தறீங்க, கயிறு கட்டணும்னு உங்களுக்குத் தோணலியே!"

மண்ணில் முட்டி போட்டுக் கன்று கன்றாகக் கழற்றினோம். கடைசிக் கன்றிலிருந்து எடுக்கும்போது கம்பவுண்டர், "புதுசு எப்பங்க குடுப்பீங்க?" என்று கேட்டார். புதுசு செய்வேனா என்பதே தெரியாமல்தான் முட்டி போட்டிருந்தேன்.

மறுபடியும் உற்பத்தி தொடங்க வேண்டுமானால் என் பேச்சுக்குத் தலையாட்டாத, படித்த ஒருவர் தரத்துக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அப்படி வந்தவர்தான் குவாலிட்டி மேடம். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டில் கன்னடம். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுவில் ஒன்றிரண்டு கன்னட வார்த்தை விழும், கோபம் வந்தால் முழுசாக எல்லை தாண்டிவிடுவார். வந்த அன்றே சொன்னார்:

"சார், தினம் காலையில எல்லாரும் ஒண்ணா நிக்கணும். நேத்து என்ன தப்பு ஆச்சோ அத மொதல்ல சொல்லணும். ஆமேலே... அப்புறம்தான் பூஜை."

"பூஜைக்கு முன்னாடியா?"

"ஹௌது சார். பூஜைக்கு முன்னாடி."

"காலையில வாயில வர்ற மொத வார்த்த 'லீக்'காவா இருக்கணும்?"

"லீக் இருந்தா லீக்குதான் சார் சொல்லணும். அது வேணாம்னா நான் எதுக்கு? என் சீட்ல ஒரு உண்டியல் வெச்சிடுங்க."

வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி போனாலும் போகட்டும், இந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன் என்று வசனம் பேசினேன். என் வீட்டுக்காரி தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, சாமி கும்பிடப் போறதுக்கு முன்ன என்னா பண்ணுவீங்க?"

"குளிப்பேன்."

"அழுக்க ஊட்லயே கழுவிட்டுத்தான போறீங்க? சாமி முன்னால நின்னுக்கினு முதுகு தேய்க்கறதில்லியே? அந்தம்மா அதத்தான் சொல்லுது. கழுவிட்டு வான்னு."

தட்டைத் திரும்பக் கேட்டேன். "ஆறிப்போச்சு, அப்படியே துன்னுங்க" என்றாள்.

கூட்டம் ஆரம்பித்தோம். உற்பத்தி இன்னும் அனுமதிக்கப்படவில்லை, சோதனைக்காக மட்டும் கொஞ்சம் செய்துகொண்டிருந்தோம். பெண்கள் வரிசையாக நின்றார்கள். "நேத்து என்ன தப்பு? பயப்படாம சொல்லுங்க" என்றேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, எங்கள் கம்பெனியில் தப்பே நடப்பதில்லை என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட ஆரம்பித்தேன். அப்போது அக்காதான் முன்னால் வந்தார்.

"அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க மூஞ்சி சரியில்ல."

"என் மூஞ்சிக்கு என்ன?"

"கெட்டத சொல்லுன்றீங்க. சொல்றதுக்கு வாயத் தொறந்தா ஊட்ல எழவு வுழுந்தாப்ல நிக்கிறீங்க. எவ சொல்லுவா?"

பின்வரிசையில் சிரிப்பு. மேடம் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். என் முகம் முறைப்படி பதிவான முதல் குறை.

அன்று முதல் கண்ணாடி முன்னால் பயிற்சி. கெட்ட செய்தி கேட்டதும் வைக்க வேண்டிய முகம் எது? கொஞ்சம் சிரித்துப் பார்த்தேன். வீட்டுக்காரி கடந்து போகும்போது, "பல்லு வலியா?" என்றாள். அந்தச் சிரிப்போடு மறுநாள் போய் நின்றேன். ஒரு பெண் பயந்துபோய் அக்காவின் பின்னால் நகர்ந்துகொண்டது. கடைசியில் மேடம்தான் வழி சொன்னார்: "சார், நீங்க எங்களப் பாக்க வேணாம். சாமியப் பாத்து நில்லுங்க. நாங்க உங்க முதுகுக்குச் சொல்றோம்."

அது வேலை செய்தது. என் முதுகுக்கு அப்படி ஒரு அருள் இருப்பது எனக்கே தெரியாது. முதலில் வந்ததெல்லாம் கேன்டீன் சாம்பார் தண்ணியாக இருக்கிறது, கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை போன்றவை. ஒரு பேக்கிங் பெண், "சார் பூஜையில ஒரு கண்ண மூடிக்கினு இன்னொரு கண்ணால நாங்க வேல செய்றமான்னு பாக்கறாரு" என்றது. உண்மைதான். மேடம் அதையும் எழுதினார். பிறகு மெதுவாக நிஜமானவை வர ஆரம்பித்தன. பசை டப்பா மூடாமல் கிடந்தது. கையுறை கிழிந்ததைச் சொல்லாமல் வேலை செய்தேன். ஒரு டிரே கீழே விழுந்தது, எடுத்து வைத்துவிட்டேன். ஒவ்வொன்றும் முதுகில் ஒரு அடி. அடி வாங்கிக்கொண்டு கற்பூரம் ஏற்றினேன்.

பசை காய்வதற்கென்று ஒரு தனி அறை கட்டினோம். குளிரோ மழையோ, உள்ளே ஒரே சூடு இருக்கும். அதிகாரிகள் வந்து பார்த்து, இழுத்து, குடைந்து, கடைசியில் உற்பத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் வாங்குவதற்கு ஆள் வேண்டுமே? போன் செய்த இடமெல்லாம் "பார்க்கலாம்" என்றார்கள். பாதிப் பெண்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் வாரத்தில் பாதி நாள் வந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. அதன் கொள்முதல் அதிகாரி மட்டும், "ஒரு லோடு அனுப்புங்க. வெள்ளிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள வந்தா சரி, வரலேன்னா பெங்களூர்ல எடுத்துக்குவேன். இதுல ஏதாவது ஆச்சுன்னா அதுக்கப்புறம் எனக்குப் போன் பண்ணாதீங்க" என்றார். அந்த லோடு நிலைத்தால் கம்பெனி நிலைக்கும், இல்லையென்றால் ஷெட்டுக்குப் பூட்டு. வேறு வழி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஐப்பசி மாதம், விட்டு விட்டு மழை. அந்த வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் ஒரு குறையும் வரவில்லை. கடைசிச் சோதனை மட்டும் செக்கிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதற்குள் லாரிக்கு மாலை போட்டு, மாரியம்மன் கோயில் பூசாரியை வரவழைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டேன். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்து உறுமவிட்டார். பூசாரி மணியடித்தார்.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மாஸ்க் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. கையில் டியூப் தனி, கிண்ணம் தனி. என் முகத்தைப் பார்த்தார். திரும்பி முதுகைக் காட்ட எனக்கு நேரம் இல்லை.

"சொல்லும்மா."

"அண்ணா, கழண்டுது. சாயந்தர ஷிப்ட்டு சரக்கு. காலை ஷிப்ட்டு அத்தினியும் நிக்குது. சாயந்தர ஷிப்ட்டுல சூடு ரூம் கதவோரம் வெச்ச டிரேதான் வருது, ஆனா அந்த ஷிப்ட்டு டிரேவெல்லாம் கலந்து பொட்டி போட்டுட்டோம்."

மேடமும் என் வீட்டுக்காரியும் வந்துவிட்டார்கள். லோடில் பாதி காலை ஷிப்ட், பாதி சாயந்தர ஷிப்ட். பூசாரிதான் முதலில் பேசினார். "ராகு காலம் வந்துடுங்க. சகுனத்துக்கு வண்டிய கேட்டுக்கு வெளிய உருட்டி நிறுத்திடுங்க. அப்புறமா எறக்கிக்கலாம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்கு மிக நல்ல யோசனையாகப் பட்டது. வண்டி நல்ல நேரத்தில் கிளம்பியதாகவும் ஆயிற்று, கிளம்பாததாகவும் ஆயிற்று. டிரைவரைப் பார்த்துக் கையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

"வெளிய போன வண்டி வெளிய நிக்குமா?" என்றாள் என் வீட்டுக்காரி. "கிருஷ்ணகிரில போயி நிக்கும். உங்கள எனக்குத் தெரியாதா?"

தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியே குனிந்து முன்சக்கரத்துக்கு அடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். வேட்டியெல்லாம் சேறு.

"அண்ணா, கை எடுங்க, ஏத்திடப் போறேன்!" என்று டிரைவர் கத்திக்கொண்டே இன்ஜினை அணைத்தார். நான்கு பழத்தையும் எடுத்தேன். வைத்த பழத்தை நசுங்காமல் வெளியே எடுத்தவன் இந்தச் சிப்காட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பூசாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

டிரஸ்ட் ஆஸ்பத்திரி அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"கிளம்பிடுச்சா?" என்றார்.

"இல்லீங்க சார். ஒரு கெட்ட செய்தி."

நடந்ததைச் சொன்னேன்.

"மேலிடத்துல உங்களுக்காகப் பேசியிருக்கேன், தெரியுமா?"

"தெரியும் சார்."

"பாதி நல்லாருக்குன்னு எப்படி நம்பறது?"

"இன்னைக்கு முழுக்க மறுபடியும் இழுத்துப் பாக்கறோம் சார். நிக்கலேன்னா அதையும் போன் பண்ணிச் சொல்றேன்."

பிறகு, "பாதிய பெங்களூர்ல எடுத்துக்கறேன். மீதிய நாளைக்குக் கொண்டாங்க. நீங்களே வரணும்" என்று வைத்துவிட்டார்.

போனை வைத்ததும் மேடம் கேட்டார்: "சூடு ரூம் கதவு எப்படித் தொறந்துச்சு? யாரு தொறந்தது?" பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பூஜையில் என் ஒற்றைக் கண்ணைக் கண்டுபிடித்த பேக்கிங் பெண்தான் கடைசியில் சொன்னது: "சார்தான் தொறந்தாரு. தெனம் வெளக்கு வெக்கிற நேரத்துக்கு."

உண்மை. அந்தி நேரத்தில் கதவெல்லாம் திறந்திருந்தால் லட்சுமி உள்ளே வருவாள் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கம்பெனியில் விளக்கேற்றியதும் ஒவ்வொரு கதவாகத் திறந்து வைத்துக்கொண்டு போவேன். மழைக்காற்று குளிரக் குளிர உள்ளே வந்திருக்கிறது. லட்சுமி வந்தாளா என்று தெரியவில்லை. பசை காயவில்லை.

"சாமி காரியம்னு நாங்க வாயத் தொறக்கல" என்றார் அக்கா.

மேடத்துக்குக் கன்னடம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதிலேயே பேசினார். எனக்கு எல்லாம் புரிந்தது. புரியாத மாதிரி நின்றேன். முடிவாகத் தமிழில், "லட்சுமி முன் கேட்டு வழியா வரட்டும் சார். டிரையிங் ரூம்ல அவங்களுக்கு வேலை இல்ல" என்றார்.

சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் நான் சாமியைப் பார்த்து நிற்கவில்லை. பெண்களைப் பார்த்து நின்றேன். நேற்றைய தப்பு என்று ஆரம்பித்து, கதவு, விளக்கு, லட்சுமி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல மூஞ்சி பழையபடி ஆகிக்கொண்டு வந்தது. "மூஞ்சிய நல்லா வெச்சிக்கங்க ண்ணா, எழுதறாங்க" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இந்த முறை யாரும் பயப்படவில்லை. அப்புறம்தான் கற்பூரம் ஏற்றினேன்.

மறுபடியும் இழுத்துப் பார்த்துத் தேறிய பாதிச் சரக்கோடு, மாலை இல்லாத லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். சூளகிரி தாண்டுகிற வரைக்கும் உதடு மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தும்படி எந்த அதிகாரியும் சொல்லவில்லையே.

ஆஸ்பத்திரியில் அதிகாரி தானே இறங்கி வந்தார். ஒரு பெட்டியைப் பிரித்து, உறையைக் கிழித்து, டியூபைப் பிடித்து இழுத்தார். நின்றது. இன்னொன்று. அதுவும் நின்றது. நர்ஸ் ஒருவரைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார். அந்தம்மா யார் மேலோ இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து இழுத்த மாதிரி இருந்தது. நின்றது.

"சரி, வேற ஒண்ணும் இல்லியே?" என்று பேனாவை எடுத்தார்.

கையெழுத்து விழப்போகிற நேரம். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

"ஒரு பெட்டி ஓரத்துல மழைத்தண்ணி பட்டிருக்குங்க சார். உறைக்குள்ள போகல. இருந்தாலும் அத நான் திரும்ப எடுத்துக்கிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பெட்டியைத் தனியே வைக்கச் சொல்லி, அதைக் கழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த மாசமும் பாதி அனுப்புங்க" என்றார். "கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க. என்ன கெட்ட செய்தின்னு கேட்டுக்கறேன்."